பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நம் ஊர் ஏஜென்டுகளுக்குக் கொடுக்கும் கமிஷன்: கணக்கைக் கேட்டு வாங்க முடியுமா?

பொருநைக்கரை எழுதியது:

பிரிட்டனுக்கு மேற்படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிகள் எல்லாம் ‘எங்கள் சேவை முற்றிலும் இலவசம்’ என்றுதான் போர்டு வைத்திருக்கின்றன. மாணவனிடம் காசு வாங்காமல் ஏசி அலுவலகமும் ஏழெட்டு ஊழியர்களும் எப்படி நடக்கின்றன என்பது சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. சேர்க்கைக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு தருகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது.

என் அக்கா மகள் சப்ளை செயின் மேலாண்மை படிக்க விரும்புகிறாள். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, ஐஇஎல்டிஎஸ் 7. அவள் தானே தேடி எழுதிக்கொண்டு போன பட்டியலை இங்கே ஒரு கன்சல்டன்சியில் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிட்டு, கீழே வேறு மூன்று பெயர்களை எழுதித் தந்தார்கள். ‘இங்கே ஆஃபர் லெட்டர் உடனே வரும், அங்கெல்லாம் இழுத்தடிப்பார்கள்’ என்பது காரணம். வீட்டுக்கு வந்து அந்த மூன்று பல்கலைக்கழகங்களின் இணையதளத்தைப் பார்த்தேன். இந்தியாவுக்கான ஏஜென்ட் பட்டியல் மூன்றிலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் போன கன்சல்டன்சியின் பெயர் ஒன்றில்கூட இல்லை!

நம் ஊரில் ஆர்டிஐ போடுவதுபோல அந்தப் பல்கலைக்கழகங்களிடமே கேட்க முடியுமா? இந்தியாவில் இருந்துகொண்டு கேட்டால் பதில் சொல்வார்களா? கட்டணம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அவன் ஊர்ப் பல்கலைக்கழகம் உங்களுக்கு ஏன் ஐயா கணக்குக் காட்ட வேண்டும்? நம் ஊரில் மனுப் போட்டாலே ‘கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்புகிறார்கள்.

லெஸ்டர்வாசி எழுதியது:

காட்டியாக வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். இப்படிப்பட்ட மனுக்கள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் பத்திரிகையாளர்களும் மாணவர் சங்கத்தினரும் அனுப்புவார்கள். எந்த மாணவர்கள் மூலமாக அந்தக் கமிஷன் போகிறதோ, அவர்கள் நாட்டிலிருந்து ஒரு மனுவும் வந்து நான் பார்த்ததில்லை.

பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டது. 2005 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதன்படி ‘பொது அமைப்புகள்’. கேட்பவர் யார், எந்த நாட்டவர், எங்கே குடியிருக்கிறார் என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். மனுக் கட்டணம் இல்லை, படிவம் இல்லை, காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. உண்மையான பெயர், பதில் அனுப்ப ஒரு முகவரி (மின்னஞ்சல் போதும்), என்ன வேண்டும் என்ற தெளிவான விவரம், அவ்வளவுதான். 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

சில விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். பதிவாக இருக்கும் தகவலைத்தான் தருவார்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று விளக்கம் கேட்டால் வராது. ‘இது குறித்து எடுத்த முடிவின் ஆவணத்தைத் தாருங்கள்’ என்று கேட்டால் வரும்.

அடுத்தது நேரக் கணக்கு. பல்கலைக்கழகம் ஒரு மனுவுக்காகச் செய்ய வேண்டிய செலவின் உச்ச வரம்பு 450 பவுண்டு. மணிக்கு 25 பவுண்டு வீதம் 18 மணி நேர வேலை. தகவலைத் தேடி எடுக்க அதற்கு மேல் ஆகும் என்று கணக்குக் காட்டினால் முழு மனுவையும் மறுத்துவிடலாம். ‘கடந்த பத்தாண்டில் ஏஜென்டுகளுடன் நடந்த எல்லாக் கடிதப் போக்குவரத்தும் வேண்டும்’ என்று கேட்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அப்படி ஒரு மனு வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சந்தோஷமாகவே கால்குலேட்டரை எடுப்பார்.

மனு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே கொடுத்த பதில்களை இணையதளத்தில் தொகுத்து வைத்திருக்கின்றன. ‘வாட் டூ தே நோ’ என்ற தளத்திலும் தேடுங்கள். மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 2008 முதல் நடத்துகிறது. அதன் வழியாகப் போகும் மனுவும் பதிலும் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். உங்கள் கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டிருக்கக்கூடும்.

சட்டக்கோல் எழுதியது:

லெஸ்டர்வாசி சொன்னதோடு நம் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, குடிமக்களுக்கு மட்டும்தான் உரிமை தருகிறது. பிரிட்டிஷ்காரர் ஒருவர் நம் அண்ணா பல்கலைக்கழகத்திடம் மனுப் போட முடியாது. நம்மவர் அவர்கள் பல்கலைக்கழகத்திடம் போடலாம். நமக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுகிற வேலையாவது உண்டு, அங்கே அதுவும் இல்லை.

ஆனால் நிஜச் சண்டை வேறு இடத்தில் நடக்கும். நம் சட்டத்தில் பிரிவு 8(1)(டி) என்று ஒன்று இருக்கிறதே, வணிக ரகசியம். அதற்கு அங்கே அண்ணன் முறையில் இருப்பது பிரிவு 43. தகவலை வெளியிட்டால் யாருடைய வணிக நலனாவது பாதிக்கப்படும், அல்லது பாதிக்கப்பட வாய்ப்பு இருக்கிறது என்றால் மறுக்கலாம். கமிஷன் பற்றிய கேள்விக்கு இந்தப் பிரிவு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்தப் பிரிவைச் சொன்ன உடனே கதவு மூடிவிடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப்பு என்ன, யாருக்கு, எந்தத் தகவலால் என்று அவர்கள் குறிப்பாகக் காட்ட வேண்டும். ‘வெளியிட்டால் வணிக ரீதியில் பாதிப்பு வரும்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. அப்படிக் காட்டிய பிறகும், வெளியிடுவதிலுள்ள பொதுநலன் பெரிதா, மறைப்பதிலுள்ள பொதுநலன் பெரிதா என்று எடை போட்டு எழுதியாக வேண்டும்.

சிலர் பிரிவு 41ஐயும் சேர்த்து இழுப்பார்கள். ‘நம்பிக்கையின் பேரில் பெற்ற தகவல்’ என்பது அதன் வாதம். வட அயர்லாந்தில் டெர்ரி நகரசபை தன் விமான நிலையத்துக்காக ரயன்ஏர் நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம் பற்றிய வழக்கில், 2006இல் தகவல் தீர்ப்பாயம் இதற்கு விடை சொல்லிவிட்டது. இரு தரப்பும் பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒரு தரப்பிடமிருந்து மற்றவர் ‘பெற்ற’ தகவல் ஆகாது. ஏஜென்ட் ஒப்பந்தமும் அந்த வகைதான். பதிலில் 41 வந்தால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

ஆலோசகன்_திருச்சி எழுதியது:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். இங்கே எங்களைத் திருடர்கள்போலப் பேசுவது வருத்தமாக இருக்கிறது.

கமிஷன் என்பது ரகசியமே இல்லை. பொதுவாக முதலாண்டுக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம். கேட்டால் நானே சொல்வேன். பிள்ளை சேர்ந்து, கட்டணம் கட்டி, வகுப்புக்குப் போன பிறகுதான் அந்தப் பணம் எங்களுக்கு வரும். விசா மறுக்கப்பட்டால் எங்களுக்குப் பைசா கிடையாது. அதுவரை நோக்க அறிக்கை, சான்றிதழ் சரிபார்ப்பு, வங்கியில் 28 நாள் பணம் நிற்க வேண்டும் என்று பெற்றோருக்குப் புரியவைப்பது, இரவு பதினோரு மணிக்கு வரும் தொலைபேசி எல்லாம் எங்கள் தலையில். நாங்கள் செய்வது ஏற்றுமதிச் சேவையா, இடைத்தரகா என்று ஜிஎஸ்டி துறையோடு பல ஆண்டு இழுபறி வேறு.

விகிதத்தை ஏஜென்ட் வாரியாக வெளியிட்டால் என்ன ஆகும்? எதிர்க்கடைக்காரர் அதைக் காட்டி ‘அவனுக்கு 17, எனக்கு 15தானா’ என்று பேரம் பேசுவார். எல்லா விகிதமும் மேலே போகும். அந்தப் பணமும் கடைசியில் மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். பல்கலைக்கழகங்கள் மறைப்பதற்கு இதுதான் காரணம், சதி ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கட்டணம் 18,000 பவுண்டு, கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2,700 பவுண்டு. பவுண்டுக்கு 110 ரூபாய் என்றால் மூன்று லட்சத்துக்கு மூவாயிரம்தான் குறைவு. ஒரு தலைக்கு! இரவு பதினோரு மணித் தொலைபேசிக்கு இது நல்ல கூலிதான்.

லெஸ்டர்வாசி எழுதியது:

கணக்குப்பிள்ளை, கிண்டல் இருக்கட்டும். ஆலோசகன் சொன்ன கடைசி வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன். நாங்கள் மறுப்புக் கடிதம் எழுதும்போது கிட்டத்தட்ட இதே வாசகங்களைத்தான் எழுதுவோம், தகவல் ஆணையர் அலுவலகமும் அதைக் காது கொடுத்துக் கேட்கும். ஏஜென்ட் பெயரோடு விகிதம் கேட்டால் மறுப்பு வரவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் அந்த வாதம் மொத்தத் தொகைக்குப் பொருந்தாது. ஓர் ஆண்டில் எல்லா ஏஜென்டுகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது எவ்வளவு என்று சொன்னால் எந்த எதிர்க்கடைக்காரருக்கும் துருப்புச் சீட்டுக் கிடைத்துவிடாது. அதனால்தான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மொத்தத்தைத் தந்துவிடுகின்றன. டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் இதழ் 2015இல் இந்தச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய விவரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே ஆண்டில் 8 கோடி பவுண்டுக்கு மேல் ஏஜென்டுகளுக்குக் கொடுத்தது வெளியே வந்தது. அப்போது இந்திய மாணவர் வரத்து இன்றிருப்பதில் ஒரு சிறு பங்குதான். 2022–23இல் இந்தியர் எண்ணிக்கை சீனரையே முந்தியது.

பிறகு, இது இனி ஏதோ புரட்சிக்காரர் கோரிக்கையும் அல்ல. படிப்பு முடித்தவர்களுக்கான பணி விசாவை ஆராய்ந்த குடியேற்ற ஆலோசனைக் குழு, 2024 மே மாத அறிக்கையில் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஏஜென்டுகளும் துணை ஏஜென்டுகளும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஏஜென்டுகளுக்கு எவ்வளவு செலவழித்தோம், அவர்கள் மூலம் எத்தனை மாணவர் வந்தனர் என்பதைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே வெளியிட வேண்டும். பொதுநலன் வாதத்தில் இந்த இரண்டு வரிகளை அப்படியே எடுத்துப் போடுங்கள். அரசாங்கம் அமைத்த குழுவே வெளியிடச் சொன்னதை, வெளியிட்டால் பொதுநலனுக்குக் கேடு என்று எழுதுவதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

யாழ்_வாசகன் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு சந்தேகம். எங்கள் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பிரசைகளுக்கு மட்டும்தான். ஆகவே பிரித்தானியச் சட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது எனக்கும் புதிய செய்தி. ஆனால் உண்மையான பெயர் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். என் தம்பியின் விசா விண்ணப்பம் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. அதே பல்கலைக்கழகத்துக்கு அவன் பெயரில் இப்படி ஒரு மனுப் போனால், சேர்க்கைப் பிரிவு அவனைக் குறித்துவைத்துக்கொள்ளாதா?

லெஸ்டர்வாசி எழுதியது:

சட்டப்படி மனுவைக் கையாள்பவர் கேட்பவர் யார் என்று பார்க்கக் கூடாது. என் அனுபவத்தில் மனுப் பிரிவு ஒரு மூலையில் இருக்கும், சேர்க்கைப் பிரிவுக்குக் கேள்வி மட்டும்தான் போகும், பெயர் போகாது. ஆனாலும் பயம் இருந்தால் தம்பி பெயரில் போடாதீர்கள். நீங்களே போடலாம், நண்பர் போடலாம். புனைபெயரில் மட்டும் போட வேண்டாம். அது செல்லுபடியாகும் மனு இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எடிசன்வாசி எழுதியது:

அமெரிக்கப் பக்கமும் சொல்லிவிடுகிறேன், இங்கே வரப்போகிறவர்களுக்குப் பயன்படும். உயர்கல்விச் சட்டப்படி, மாணவரைச் சேர்த்துவிடுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுப்பது இங்கே 1992 முதல் தடை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: வெளிநாட்டில் வசிக்கும், அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவிக்குத் தகுதியில்லாத வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு அந்தத் தடை கிடையாது. தன் ஊர்ப் பிள்ளையைத் தரகரிடமிருந்து காப்பாற்றிய கை, நம் பிள்ளை முன்னே மட்டும் மடங்கிக்கொண்டது. கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கமும் 2013இல் வெளிநாட்டுச் சேர்க்கைக்கான கமிஷன் தடையைத் தளர்த்திவிட்டது.

தகவல் கேட்பது இங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வர்ஜீனியாபோன்ற சில மாநிலங்கள் தம் மாநிலத்தவருக்கு மட்டும்தான் அந்த உரிமையைத் தருகின்றன. 2013இல் உச்ச நீதிமன்றமே அது சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனவே திருநெல்வேலியிலிருந்து கேட்க முடியாவிட்டால் அந்த மாநிலத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பிடியுங்கள். தனியார் பல்கலைக்கழகம் என்றால் பொதுவாக எந்த மாநிலத்திலும் வழியில்லை.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கீழே என் வரைவு. அனுப்பப்போவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்.

*தகவல் சுதந்திரச் சட்டம் 2000இன் கீழ் பின்வரும் தகவல்களைக் கோருகிறேன். 2021–22, 2022–23, 2023–24 ஆகிய நிதியாண்டுகளுக்கு:*

*அ) மாணவர் சேர்க்கை ஏஜென்டுகளுக்குச் செலுத்திய மொத்தக் கமிஷன்.*

*ஆ) இந்தியாவில் இயங்கும் ஒவ்வோர் ஏஜென்டுக்கும் செலுத்திய தொகையும் விகிதமும், பெயருடன்.*

*இ) இந்தியாவிலிருந்து சேர்ந்த மாணவர்களில் ஏஜென்ட் மூலம் வந்தவர்கள் எத்தனை பேர்.*

*ஈ) இந்திய ஏஜென்டுகளுடன் கையெழுத்திட்ட எல்லா ஒப்பந்தங்களின் நகல்.*

லெஸ்டர்வாசி எழுதியது:

அ, இ இரண்டும் நன்று. ஆ, ஈ இரண்டையும் இப்படியே அனுப்பினால் முழு மனுவுக்கும் 18 மணி நேரக் கணக்கைக் காட்டிவிடுவார்கள். இப்படி மாற்றுங்கள்:

அ) ‘மொத்தக் கமிஷன்’ என்பதோடு, மதிப்புக் கூட்டு வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டு ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷனுக்கான வரியைப் பல்கலைக்கழகமே இங்கே கட்ட வேண்டியிருக்கிறது. 20 சதவீதம் சும்மா இல்லை. இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது ஒன்று வரியோடும் மற்றது வரியில்லாமலும் எண் தந்திருந்தால் உங்கள் ஒப்பீடே தவறாகிவிடும். நிதியாண்டு ஆகஸ்டு 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடியும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஆ) பெயர் வேண்டாம். இந்திய ஏஜென்டுகளுக்குரிய விகிதங்களில் மிகக் குறைந்தது எது, மிக அதிகமானது எது. இத்தனை பேரைச் சேர்த்தால் கூடுதல் சதவீதம் என்ற படிக்கட்டு முறை உண்டா, இல்லையா. இந்த இரண்டும் போதும். மாணவர்களைச் சில பல்கலைக்கழகங்களின் பக்கம் தள்ளுவதற்கான காரணம் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கும். இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் அடுத்த படி என்று இருக்கிற ஆலோசகர் செப்டம்பர் சேர்க்கை முடியும் நேரத்தில் யாருக்கு என்ன பாடம் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இ) எண்ணிக்கை ஐந்துக்குக் குறைவாக இருந்தால் தனிநபர் விவரம் என்று மறைப்பார்கள். நாடு முழுமைக்கும் கேட்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஈ) ஒப்பந்தங்கள் வேண்டாம், மாதிரி ஒப்பந்தப் படிவம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே அச்சுதான், பெயரும் கமிஷன் அட்டவணையும் மட்டும் மாறும். துணை ஏஜென்ட் பற்றி என்ன சொல்லியிருக்கிறது, மாணவரிடம் காசு வாங்கக் கூடாது என்று இருக்கிறதா, பாதியில் விலகினால் கமிஷனைத் திருப்பித் தர வேண்டுமா, எல்லாம் அதில் தெரியும்.

பதிலை எக்செல் கோப்பாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேன் செய்த படம் வரும்.

ஆலோசகன்_திருச்சி எழுதியது:

படிக்கட்டு முறை இருப்பது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்தது நாங்கள் இல்லை, பல்கலைக்கழகம். இலக்கு கொடுத்து மாதாமாதம் அழைத்துக் கேட்பதும் அவர்கள்தான். பொருநைக்கரை போன கன்சல்டன்சியின் பெயர் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அது அநேகமாகத் துணை ஏஜென்ட். பெரிய நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். ஊர் ஊராக இருக்கும் சிறு அலுவலகங்கள் அதன் தளம் வழியாக விண்ணப்பம் போட்டுக் கமிஷனில் பங்கு வாங்கிக்கொள்ளும். பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சிறு அலுவலகம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். எங்களைப்போல நேரடி ஒப்பந்தம் வைத்து, பயிற்சிக்குச் செலவழித்து, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பெயர் போட்டுப் பதில் சொல்பவர்களுக்கு இவர்களால்தான் கெட்ட பெயர். இந்த மனு அந்த இடத்தைத் தொட்டால் நானும் கைதட்டுவேன்.

சட்டக்கோல் எழுதியது:

ஆலோசகன் சொன்னது முக்கியம். இந்தச் சட்டத்தின் எல்லையும் அங்கேதான் முடிகிறது. பெரிய நிறுவனத்துக்கும் சிறு அலுவலகத்துக்கும் இடையிலான பங்குக் கணக்குப் பல்கலைக்கழகத்திடம் இருக்காது. அந்த நிறுவனமோ பொது அமைப்பு அல்ல. பல்கலைக்கழகம் முழுக்கத் தனக்கே சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனி என்றால் சட்டத்துக்குள் வரும். தனியாரோடு பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்த கம்பெனி வராது. அறிமுக ஆண்டுப் படிப்பு நடத்தும் கூட்டு நிறுவனங்கள் சில இந்த வகையில் தப்பித்துக்கொள்கின்றன.

பொருநைக்கரை எழுதியது:

பதில் வந்துவிட்டது. லெஸ்டர்வாசி திருத்தித் தந்தபடி மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பியிருந்தேன், இது அவற்றில் ஒன்று. எது என்று சொல்லவில்லை, தொகையையும் இங்கே போடவில்லை. போட்டால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம், அக்கா மகளின் விண்ணப்பம் இன்னும் அங்கே நிலுவையில் இருக்கிறது.

மொத்தக் கமிஷன் மூன்று ஆண்டுக்கும் தந்திருக்கிறார்கள், வரி தனிப் பத்தியில். இந்திய மாணவர் எண்ணிக்கையும் ஏஜென்ட் வழி வந்தோர் எண்ணிக்கையும் வந்திருக்கின்றன. நேரடியாக விண்ணப்பித்தவர்கள் எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்து அக்காவே வாயடைத்துப் போனாள்.

குறைந்தபட்ச, அதிகபட்ச விகிதத்துக்கு மறுப்பு. காரணம் பிரிவு 43(2). ‘இத்தகவல் வெளியானால் எதிர்காலப் பேச்சுவார்த்தைகளில் பல்கலைக்கழகத்தின் நிலை பலவீனப்படும்’ என்று ஒரு வாக்கியம். பொதுநலன் பற்றி ஒரு பத்தி, அது எந்த மனுவுக்கும் ஒட்டக்கூடிய பத்திபோல இருக்கிறது. படிக்கட்டு முறை பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை, மறுப்பும் இல்லை, விட்டுவிட்டார்கள். மாதிரி ஒப்பந்தம் வந்திருக்கிறது, அட்டவணை இருந்த பக்கம் மட்டும் முழுக்கக் கறுப்பு மை.

சட்டக்கோல் எழுதியது:

உள் மறுஆய்வு கேளுங்கள், அதாவது தன் பதிலைப் பல்கலைக்கழகமே மறுபடி பார்க்க வேண்டும் என்று. இதற்கும் கட்டணம் இல்லை. பதில் கிடைத்து 40 வேலை நாட்களுக்குள் கேட்டுவிட வேண்டும். எழுத வேண்டியது சுருக்கமாக:

*படிக்கட்டு முறை உண்டா என்ற கேள்விக்குத் தகவல் தரப்படவும் இல்லை, சட்டப்படியான மறுப்பு அறிவிப்பும் இல்லை. பிரிவு 43(2)ஐப் பொறுத்தவரை, ஏஜென்ட் பெயரின்றி இரண்டு எண்களை மட்டுமே கோரினேன். பெயரற்ற இரண்டு எண்கள் எந்தப் பேச்சுவார்த்தையை, எப்படிப் பாதிக்கும் என்று தங்கள் கடிதம் விளக்கவில்லை. குடியேற்ற ஆலோசனைக் குழுவின் 2024 மே அறிக்கையைப் பொதுநலன் பரிசீலனையில் கருத்தில் கொண்டதாகவும் தெரியவில்லை.*

மறுஆய்விலும் மறுத்தால் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் புகார், ஆறு வாரத்துக்குள். அதற்குப் பிறகு 28 நாளில் தீர்ப்பாயம். இரண்டும் இலவசம். ஆனால் ஆணையர் அலுவலகத்தில் வரிசை நீளம். விகிதத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகபட்ச எண் வெளியானால் எல்லா ஏஜென்டும் அதையே கேட்பார்கள் என்ற வாதத்தில் சாரம் உண்டு. படிக்கட்டுக் கேள்வியை மட்டும் அவர்களால் விழுங்க முடியாது.

காவிரிப்பூம்பட்டினம் எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். டப்ளினுக்குப் போக நினைக்கிறேன். அயர்லாந்திலும் இப்படிக் கேட்கலாமா?

லெஸ்டர்வாசி எழுதியது:

கேட்கலாம். அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டம். எந்த நாட்டவரும் கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் இல்லை, நான்கு வாரம் அவகாசம். ஆனால் உள் மறுஆய்வுக்கு 30 யூரோ வாங்குவார்கள், ஆகவே முதல் மனுவையே கவனமாக எழுதுங்கள். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனி ஆணையர். எடின்பரோ, கிளாஸ்கோ என்றால் 2002ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏஜென்ட் பட்டியலை இணையதளத்தில் வெளியிடுவதே சட்டப்படி கட்டாயம், அதற்கு மனு தேவையில்லை.

பொருநைக்கரை எழுதியது:

மாதிரி ஒப்பந்தத்தை இன்று நிதானமாகப் படித்தேன். கறுப்பு மை பூசாத பகுதியில் ஒரு விதி இருக்கிறது. ‘ஏஜென்ட், பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றித் துணை ஏஜென்டை அமர்த்தக் கூடாது, துணை ஏஜென்டுகளின் பட்டியலைப் பல்கலைக்கழகம் கேட்கும்போது தர வேண்டும்’ என்ற பொருளில். அப்படியானால் எங்கள் ஊர் அலுவலகத்துக்கு ஒப்புதல் கொடுத்த கடிதம் ஒன்று அங்கே இருக்க வேண்டும், இல்லையா? அந்தப் பட்டியலைப் பல்கலைக்கழகம் கடந்த மூன்று ஆண்டில் எப்போதாவது கேட்டு வாங்கியதா, இந்தியாவில் எத்தனை துணை ஏஜென்டுகளுக்கு எழுத்துபூர்வ ஒப்புதல் தந்தது என்று கேட்டால் வருமா?

ஆலோசகன்_திருச்சி எழுதியது:

இதைத்தான் கேட்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் ஓடும் கடைகள் எத்தனை என்று தெரிந்துவிடும்.

லெஸ்டர்வாசி எழுதியது:

வரும். எண்ணிக்கை மட்டும் கேட்பதால் 43 குறுக்கே நிற்பது கடினம். பட்டியலே கேட்டு வாங்கவில்லை என்றால் ‘அத்தகைய தகவல் எங்களிடம் இல்லை’ என்று எழுத்தில் தருவார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டுகளைப் பயன்படுத்தும் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட் தரக் கட்டமைப்பில் (ஏஜென்டுகளைக் கையாள்வதற்கான தர விதிகளின் தொகுப்பு) சேர்வதைக் கட்டாயமாக்குவோம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு சொல்லியிருப்பதால், அதற்கு இங்கே ஒரு பயன் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஒரே பொருளில் 60 வேலை நாட்களுக்குள் வரும் மனுக்களின் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட அவர்களுக்கு உரிமை உண்டு. முதல் மனுவுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நமக்குத் தெரியாது. அவசரம் இல்லையென்றால் அந்த 60 நாள் கடந்த பிறகு அனுப்புங்கள். மறுஆய்வுக் கடிதத்தை இப்போதே அனுப்பலாம், தனி மின்னஞ்சலாக. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் எது மறுஆய்வு, எது புதுக் கேள்வி என்று அவர்களுக்கு வசதியான மாதிரி பிரித்துக்கொள்வார்கள்.

பொருநைக்கரை எழுதியது:

மறுஆய்வுக் கடிதம் சட்டக்கோல் எழுதித் தந்தபடியே போய்விட்டது. மற்ற இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று, கேள்வி ஈ-யில் ‘மாதிரி’ என்றால் என்ன என்று விளக்கம் கேட்டிருக்கிறது. முதல் பல்கலைக்கழகம் தந்த மாதிரி ஒப்பந்தத்தில் இருந்த வாசகத்தையே எடுத்து ‘இதுபோல ஒன்று’ என்று பதில் போட்டிருக்கிறேன்.